ஓய்வு நாளன்று ஒரு டிரிப்

பஸ் டிரைவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு; மற்ற ஆறு நாளும் அவனைக் கண்டுகொள்ளாத டிப்போவுக்கு, அந்த ஒரு நாளில்தான் அவன் மேல் அன்பு பொங்கும்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நான் மதுரையில் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆரப்பாளையத்தில், பஸ் ஹாரன் சத்தம் சமையலறை வரை வருகிற ஒரு சந்தில் வீடு. வீட்டில் நான், மனைவி தவமணி, மகள் செல்வி. செல்விக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த காலம் அது. பெண் பார்க்க வருகிறவர்கள் வரும்போது பெண்ணின் அப்பா வீட்டில் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிய காரியம். அந்த எளிய காரியத்தைச் செய்வதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரி நர்ஸ், கரண்டு ஆபீஸ் லைன்மேன், குழாயில் தண்ணீர் திறந்துவிடுகிறவர் என்று நீங்கள் யாராக இருந்தாலும் சரி. லீவு நாளில் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்று "ஆபீஸ்ல கூப்புடுறாக" என்று யாராவது சொல்லியிருந்தால், நீங்களும் என் கட்சிதான். உட்காருங்கள், பேசலாம்.

மறுக்கலாமா, கூடாதா?

ஓய்வு நாளில் டூட்டிக்குக் கூப்பிட்டால் போயே தீர வேண்டுமா? எங்கள் டிப்போவில் இதற்கு ஒரே பதில் சொன்ன இரண்டு பேரை நான் பார்த்ததில்லை. சங்கத்துக்காரர் "விருப்பம் இருந்தாப் போ" என்பார். மானேஜர் "விருப்பத்தோட போ" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகப்போகத்தான் வித்தியாசம் புரிந்தது.

யாருக்கு எந்த வண்டி என்று முடிவு செய்கிறவர் டைம்கீப்பர் ராமசாமி சார். கோபமே வராத மனிதர். அதுதான் அவரிடம் பயமே. ஒரு டிரைவருக்குக் காய்ச்சல் என்றால், இன்னொரு டிரைவரின் ஓய்வு நாளைப் பிடித்து அந்த ஓட்டையை அடைப்பார். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடமே கேட்டுவிட்டேன், ஓய்வு நாளில் கூப்பிட்டால் மறுக்கலாமா கூடாதா என்று. வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"தாராளமா மறுக்கலாம் முத்தையா. நீ மறுத்ததை நானும் தாராளமா ஞாபகம் வச்சுக்கிறேன்."

கேசரி நன்றாக இருந்தது

செல்வியைப் பார்க்க முதலில் வந்தவர்கள் திருப்பரங்குன்றத்துக்காரர்கள். மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். அன்று எனக்கு ஓய்வு நாள்தான். அதிகாலையிலேயே டிப்போவிலிருந்து ஆள் வந்து, "மேலூருக்கு ஒரே ஒரு டிரிப்பு, போயிட்டு வெரசா வந்துறலாம்" என்றார். நானும் நம்பினேன். உலகத்தில் ஒரே ஒரு டிரிப் என்று ஒன்று கிடையாது. போன வண்டி திரும்பி வர வேண்டும். வந்த வண்டிக்கு அடுத்த ஆள் வந்திருக்க வேண்டும். அன்று அவரும் வரவில்லை.

நான் வீடு வந்து சேர்ந்தபோது வந்தவர்கள் போயிருந்தார்கள். செல்வி பட்டுச்சேலையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எவ்வளவோ சொல்லியும் அவள் கூடத்துக்கு வரவில்லையாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வந்து ஒரு கும்பிடு போட்டா என்ன?" என்றேன். "நீங்க இருந்தா வருவேன். இல்லாட்டி யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன். ஊரார் முன்னாடி என்னைத் தனியா நிக்க வைக்காதீங்கப்பா" என்றாள். கோபம் போன இடம் தெரியவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். தவமணிதான் கடைசியில் சொன்னாள்:

"வந்தவக கேசரி நல்லாருக்குன்னாக, காப்பி நல்லாருக்குன்னாக. பொண்ணு நல்லாருக்குன்னு சொல்லணும்னா பொண்ணைப் பாக்கணும்ல?"

சோப்பு நுரைக்குள் ஒரு டிரைவர்

எங்கள் டிப்போவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதியிலும் இல்லாதது. ஆனால் எல்லா விதிகளையும்விடக் கறாரானது. ஓய்வில் இருக்கிற டிரைவரை நேரில் முகம் பார்த்து, வாயால் சொல்லி, அவன் வாயால் "சரி" வாங்கினால்தான் அது டூட்டி. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் செல்லாது. பெண்டாட்டியிடம் சொன்னாலும் செல்லாது. ஆனால் "சரி" என்ற சொல் வாயை விட்டு வந்துவிட்டால் அப்புறம் பின்வாங்குகிற பேச்சே கிடையாது. பின்வாங்கியவனோடு கேன்டீனில் ஒருத்தரும் டீ குடிக்க மாட்டார்கள்.

இந்தச் செய்தியைச் சுமந்து சைக்கிளில் வருகிறவர் பியூன் பிச்சைமணி. நல்ல மனுஷர். தெருமுனையிலேயே மணியை நீளமாக அடிப்பார். விருப்பமில்லாதவன் பின்வாசல் வழியாக நழுவட்டும் என்பதற்கான மரியாதை அது. ஒரு ஓய்வு நாளில், மணிச் சத்தம் கேட்டதும் நான் எதிர்ச் சலூனுக்குள் பாய்ந்து, "முகத்தை மறைக்கிற மாதிரி நல்லா நுரையை அப்புங்க" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். பிச்சைமணி உள்ளே வந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்தது நுரையைத்தானே தவிர முகத்தை அல்ல. வழக்கம் வழக்கம்தான். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்துவிட்டார். நான் சலூன்காரருக்குக் கண்ணைக் காட்டினேன். அவரும் வழித்தார், மறுபடி நுரை போட்டார், மறுபடி வழித்தார். பிச்சைமணி விளம்பரம் வரை படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். என் கன்னம் எரியத் தொடங்கியது. சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, இதுக்கு மேல வழிக்கணும்னா தாடை எலும்பைத்தான் வழிக்கணும்."

எண்ணெய்த் தலை

தப்பிக்க இன்னொரு வழியும் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் வெயிலில் அலையக் கூடாது. ஸ்டியரிங் பிடித்தால் கண் சொக்கும். டிப்போவிலும் இதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். தலையில் எண்ணெய் இருக்கிற டிரைவரைக் கண்டால் பிச்சைமணி பேசாமல் சைக்கிளைத் திருப்பிவிடுவார். அதனால் எங்களில் பலரும் கிழமை பார்க்காமல் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தோம். எங்கள் டிப்போ ஆட்களைப் போலக் கருகருவென்ற தலைமுடி மதுரை ஜில்லாவிலேயே யாருக்கும் இருந்திருக்காது.

எங்கள் ஓய்வு நாள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். அந்த முறை எனக்குச் செவ்வாய்க்கிழமை விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை எவர் பெண் பார்க்கக் கிளம்புவார்? ஞாயிற்றுக்கிழமையாக மாற்றித் தரச் சொல்லி ராமசாமி சாரிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தேன். இப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை தெருமுனையில் மணிச் சத்தம். கிண்ணத்திலிருந்த நல்லெண்ணெயை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டேன். பிச்சைமணி வந்து, வழிகிற எண்ணெயைப் பார்த்து, "அடடா, டூட்டிக்கு இல்லண்ணே. ஞாயித்துக்கிழமை ஆஃப் ஒண்ணு காலியாகுது. உடனே நேர்ல வந்து கேட்டா ஒங்களுக்காம், இல்லாட்டி அடுத்த ஆளுக்காம்" என்றார். குளிக்க ஏது நேரம்? துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் காதோரம் எண்ணெய் ஒழுக, சைக்கிளை மிதித்து டிப்போவுக்குப் போய் நின்றேன். ராமசாமி சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையைத் தந்தார். கூடவே அன்றைக்கே சாயங்கால வண்டியையும் தந்தார்.

"எண்ணெய் தேய்ச்சவரு வெயில்ல சைக்கிள் மிதிக்கலாம், நிழல்ல உக்காந்து பஸ் ஓட்டக் கூடாதாக்கும்?"

வேட்டி கட்டிய டிரைவர்

மறைந்துகொள்வதைவிட ஊரைவிட்டே போய்விடுவது நல்லது என்று தவமணி ஒரு யோசனை சொன்னாள். சோழவந்தான் பக்கத்தில் அவள் தம்பி வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறு ஒருவர் கியர் மாற்றுவதைக் கேட்டுக்கொண்டே போகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும். பாதி வழியில் வண்டி ஓரம் கட்டி நின்றது. டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வேலிக்காட்டுப் பக்கம் போனார். வந்தார், மறுபடியும் போனார். மூன்றாம் தடவை வந்தபோது நிற்கக்கூட முடியவில்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் டிப்போக்காரர்தான்.

தவமணி என் வேட்டி நுனியைப் பிடித்திருந்தாள். பிறகு அவளாகவே விட்டுவிட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீட்டில் ஏறினேன். லைசென்ஸ் எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும். வயிற்றுவலிக்காரரை என் இடத்தில், என் குடும்பத்துக்குப் பக்கத்தில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். வண்டி கிளம்பியதும் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கண்டக்டரிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது:

"ஏப்பா, யூனிபாரம் போடாத டிரைவருன்னா டிக்கெட்டுல ஏதும் கொறைப்பீகளா?"

வாடிப்பட்டிக்கு உள்ளே

கடைசியில் ஒரு நல்ல இடம் வந்தது. வாடிப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். தோட்டம், கிணறு உள்ள விவசாயக் குடும்பம். பையன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தான். வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் பெண்ணைப் பார்த்துவிடுகிறோம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராமசாமி சாரிடம் முந்தின வாரமே போய், "சார், அன்னிக்கு நான் செத்துட்டேன்னு வச்சுக்கங்க" என்று சொல்லிவைத்தேன். அவரும் தலையாட்டினார்.

அன்று காலையில் சைக்கிள் வந்து வாசலில் நின்றது. மணியே அடிக்கவில்லை. பிச்சைமணி தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லவே கூச்சமா இருக்குண்ணே" என்றார். தவமணி, "கூச்சமா இருந்தாத் திரும்பிப் போங்க" என்றாள். ஒரு டிரைவருக்கு இரவெல்லாம் காய்ச்சலாம். எல்லா ஓய்வுக்காரர்களையும் கேட்டுப் பார்த்தாயிற்றாம். வாடிப்பட்டி உள்ரோட்டு வண்டி, ஆள் இல்லாவிட்டால் ரத்துதானாம். "ரத்தாகட்டும். என் மகளைவிட ஒங்க வண்டி பெருசா?" என்றாள் தவமணி. அப்போது உள்ளேயிருந்து செல்வி கேட்டாள்: "அம்மா, அவக வாரது அந்த வண்டியிலதான?"

அதில்தான். காலையில் அந்த ஊருக்கு அது ஒரே வண்டி. அது வராவிட்டால், பெண்டு பிள்ளைகளோடு தாம்பாளத்தையும் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை வெயிலில் நடக்க வேண்டும். வந்து சேர்வதற்குள் எமகண்டம் வந்துவிடும். சகுனம் சரியில்லை என்று அப்படியே திரும்பிவிடுவார்கள். நான் போனால் அவர்கள் வருவார்கள், ஆனால் வீட்டில் நான் இருக்க மாட்டேன். போகாவிட்டால் நான் இருப்பேன், அவர்கள் வரமாட்டார்கள். "திரும்பி வரும்போது ஆரப்பாளையம் ஸ்டாப்புல வண்டிய வாங்கிக்கிற வேற டிரைவர் நிக்கணும்" என்றேன். "நிப்பாருண்ணே" என்றார் பிச்சைமணி. "சரி" என்று சொல்லிவிட்டேன். தவமணி காக்கிச் சட்டையை எடுத்து வந்து என் கையில் திணித்தாள்.

"போறப்ப வெரசாப் போங்க. அவகளை ஏத்திக்கிட்டு வாரப்ப வெரசா வந்துறாதீக, நான் கேசரி கிண்டி முடிக்கணும்."

கண்ணாடியில் தெரிந்தவன்

அந்த ஊர் ஸ்டாப்பில் கஞ்சி போட்ட வேட்டியும், கையில் பூப் பழத் தாம்பாளமுமாக ஒரு கூட்டம் ஏறியது. கேட்காமலே தெரிந்தது. என் முகம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த தரகரோ ஆரப்பாளையத்தில் காத்துக்கொண்டிருந்தார். பையனின் அப்பா எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, "டிரைவர் தம்பி, பொண்ணு பாக்கப் போறோம். கொஞ்சம் எட்டி மிதிங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆரப்பாளையத்துல முத்தையான்னு ஒரு டிரைவராம். ஒங்க டிப்போதானா? ஆளு எப்படி?" என்றார். கண்டக்டர் அழகருக்கு எல்லாம் தெரியும். விசிலை வாயில் கவ்விக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தான். நான், "கொணத்துல ஒண்ணும் கொறையில்ல. லீவு நாள்ல மட்டும் வீட்டுல தங்க மாட்டாரு" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "குடியா?" என்றார். "இல்லைங்க, டூட்டி" என்றேன்.

வழியில் ஒரு பெண், ஈரச் சாக்கில் கட்டிய மல்லிகைப்பூ மூட்டையை இழுத்துக்கொண்டு வரப்பிலிருந்து கையைக் காட்டி ஓடி வந்தாள். பூ மார்க்கெட்டுக்குப் போகிற மூட்டை. அந்த வண்டியை விட்டால் பூ வாடிவிடும். நிறுத்தினேன். "நாங்க நல்ல காரியத்துக்குப் போறோம், நேரமாகுதே" என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு. நான் கண்ணாடியைப் பார்த்தேன். கூட்டத்திலிருந்து ஒரு பையன் எழுந்து இறங்கினான். புதுச் சட்டை. ஓடிப் போய் மூட்டையை வாங்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து படியருகில் வைத்துவிட்டு, அந்த அம்மா ஏறிய பிறகு ஏறினான். சட்டையின் முன்பக்கமெல்லாம் ஈரம். "டேய், புதுச் சட்டைடா!" என்றார் அப்பா. "காயும்ப்பா" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டான்.

எத்தனையோ அப்பன்மார் மாப்பிள்ளையைப் பார்த்திருப்பார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்து தலைவாரிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கிறவனைத்தான் பார்த்திருப்பார்கள். எனக்குக் கிடைத்த பாக்கியமே வேறு. அந்த ரோட்டுக் குழியெல்லாம் அன்று எனக்குத் தெரியவே இல்லை. அழகர் முன்னால் வந்து குனிந்து என் காதில் சொன்னான்:

"அண்ணே, பொண்ணு பாக்க அவக இனிமேத்தான் போகணும். நீங்க பாத்தே முடிச்சுட்டீக."

எமகண்டத்துக்கு முன்னால்

ஆரப்பாளையத்தில் அவர்கள் இறங்கினார்கள். எனக்குப் பதிலாக நிற்க வேண்டிய டிரைவரைக் காணவில்லை. வண்டி நிறைய ஆட்களை நடுவழியில் விட்டுவிட்டு இறங்க முடியுமா? அவர்கள் என் வீட்டுச் சந்துக்குள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். செல்வி நான் இல்லாமல் வெளியே வரமாட்டாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். அது என்னிடமிருந்து போனதுதான். கடைசி ஸ்டாண்டில் ராமசாமி சாரே நின்றிருந்தார். "முத்தையா, அடுத்த டிரிப்புக்கும் ஆளில்ல, ஒரே ஒரு..." என்று ஆரம்பித்தார். "முடியாது சார்" என்றேன். என் சர்வீஸில் முதல் தடவை. அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "சரி, போ. ஞாபகம் வச்சுக்க மாட்டேன்" என்றார். பிச்சைமணி சைக்கிளோடு தயாராக நின்றார். காரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டுக் கூடத்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேசரித் தட்டெல்லாம் காலி. பையனின் அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டார். வேர்த்து ஒழுகிய காக்கிச் சட்டையோடு நான் உள்ளே நுழைந்ததும், "அட, டிரைவர் தம்பி! வண்டியில எதையும் விட்டுட்டு வந்துட்டமா?" என்றார். தரகர்தான் தொண்டையைக் கனைத்து, "இவருதாங்க முத்தையா" என்றார்.

பஸ்ஸிலேயே சொல்லாமல் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். அந்த நேரத்தில் யாரும் கூப்பிடாமலே செல்வி காப்பித் தட்டோடு வந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். அப்புறம்தான் அந்தப் பையனைப் பார்த்தாள். அவன் சட்டையில் இன்னும் காயாமல் இருந்த ஈரத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவனும் குனிந்து சட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பையனின் அப்பா மகனைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துப் பாயில் போட்டு, மறுபடியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சம்பந்தி, கல்யாணத் தேதிய நான் ஒங்ககிட்டக் கேக்கப் போறதில்ல, நேரா ஒங்க டிப்போவுலயே கேட்டுக்கிறேன்."

ஊரில் மற்றவர்கள் மாப்பிள்ளையை மாலை போட்டு அழைத்து வருவார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓய்வு உள்ள நான், டிக்கெட் வாங்க வைத்துத்தான் அழைத்து வர முடிந்தது.